லாரிக்குப் பின்னால் எழுதிய பெயர்

எங்கள் கம்பெனியின் விதிப் புத்தகத்தைச் சங்ககிரி வட்டாரத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவள் நான் ஒருத்திதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. தப்பு யார் மேல் என்று தேடி யாரும் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கம்பெனியின் பெயர் வேண்டாம். உடம்பை இளைக்கவைக்கும் சத்துப் பவுடர், முகக் கிரீம், மூட்டுக்குத் தடவும் எண்ணெய் இதெல்லாம் கடையில் கிடைக்காது. எங்களைப் போன்றவர்கள்தான் வீடு வீடாகப் போய் விற்க வேண்டும். எங்களுக்கு ‘ஆலோசகர்’ என்று பட்டம். யாருக்கு என்ன ஆலோசனை சொன்னோம் என்பது வேறு விஷயம். ஒருத்தி இன்னொருத்தியைச் சேர்த்துவிட்டால், சேர்ந்தவள் விற்பதில் சேர்த்தவளுக்கும் பங்கு உண்டு. அதனால் எங்களில் யாரும் யாரையும் மனுசியாகப் பார்ப்பதில்லை. சேர்க்க முடியுமா முடியாதா என்றுதான் பார்ப்போம். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட எதிர் வரிசையில் யார் குண்டாக இருக்கிறாள் என்றுதான் என் கண் போகும்.

நான் நாமக்கல்லில் பி.காம். படித்து, லாரிக்காரர் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். என் வீட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் தனித்தனி லாரி. ஒரே காம்பவுண்டுக்குள் எதிரெதிர் வீடு. எதிர் வீட்டில் இருப்பவள் தம்பி பொண்டாட்டி, என் ஓரகத்தி. பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர் மகள், எட்டாவதோடு நின்றுவிட்டாள். ஒரு மாதம் என் குழுவுக்கு ஓர் ஆள் குறைந்தது. ஆதார் அட்டையைக் கொண்டு வா என்று அவளைக் கூப்பிட்டுச் சேர்த்தேன். அவளை நம்பி ஒன்றும் சேர்க்கவில்லை. கணக்குக்கு ஒரு தலை, அவ்வளவுதான்.

அவள் சேர்ந்து ஒரு வருசத்துக்கு மேல் ஆனபோது கம்பெனி ஆன்லைன் விதிகளைக் கறாராக்கியது. போனில் யார் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று ஆங்கிலத்தில் பெரிய பட்டியல். விலை போடக் கூடாது. கம்பெனி பேரை உங்கள் பக்கத்துக்குப் பேராக வைக்கக் கூடாது. ஆன்லைன் கடைகளில் பொருளை ஏற்றக் கூடாது. மெலிவதற்கு முன், மெலிந்த பின் என்று ஜோடிப் படம் கூடாது. நோய் என்ற சொல்லே கூடாது. கம்பெனி அனுப்பும் படத்தை அப்படியே போட்டுக்கொள்ளலாம், அதுவும் அனுமதி வாங்கிய பிறகு.

நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? விலையை எழுதக் கூடாது என்றதும், ராசிபுரத்தில் ஒருத்தி டப்பாவுக்குப் பக்கத்தில் ரூபாய் நோட்டுகளை விசிறி மாதிரி விரித்து வைத்துப் படம் பிடித்துப் போட்டாள். எண்ணிக்கொள்ள வேண்டியது உங்கள் பாடு. இன்னொருத்தி, ஜோடிப் படம் கூடாது என்றதும், தன் பழைய ஜாக்கெட்டையும் புது ஜாக்கெட்டையும் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் காயப்போட்டுப் படம் எடுத்தாள். எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினேன். இரண்டு பேரும் வேறொருத்தி குழுவைச் சேர்ந்தவர்கள். இரண்டு பேருடைய ஐடியும், அதாவது கம்பெனி பொருளை விற்கும் உரிமையே, போனது. நான் என் மகன் பேரில் ஒரு பக்கம் திறந்து விலையோடு விற்றுக்கொண்டிருந்தேன். அது யார் கண்ணிலும் படவில்லை.

ஓரகத்தி போன் பக்கமே போக மாட்டாள். இளம்பிள்ளை பஸ் ஏறிப் போய்விடுவாள். அங்கே சேலை நெய்யும் வீடுகளில், தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசி, பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் இடுப்பு வலி, மாமியார் வலி எல்லாம் கேட்டுவிட்டு, எழுந்து வரும்போது பை காலியாக இருக்கும். ‘வாங்குங்க’ என்று அவள் கேட்டதே இல்லை என்று சொல்வார்கள். ஒன்றரை வருசத்தில் அவள் குழு என்னுடைய மற்ற எல்லாரையும் சேர்த்ததைவிடப் பெரிதாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் ஏறினால் அவளும் நான் நிற்கும் படிக்கு வந்துவிடுவாள். வந்துவிட்டால், விதிப்படி, அவள் குழு என்னிடமிருந்து அறுந்து போய்விடும். நான் படித்தவள், சேர்த்துவிட்டவள், மூத்தவள். என் கையில் மிஞ்சுவது நாலைந்து சோம்பேறிகளாக இருக்கும்.

புது விதிகளை எல்லாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. என் வீட்டு முன்னறையில் இருபது பெண்களை உட்காரவைத்துப் போனில் மேலிடத்துக்காரர் ஆங்கிலத்தில் பேசியதை நான் தமிழில் சொன்னேன். அவர் ஒரு மணி நேரம் பேசினார். நான் பத்து நிமிசத்தில் முடித்தேன். அடுப்பில் பிரியாணி தம்மில் இருந்தது, எனக்கு அந்தக் கவலை.

“நெட்டுல கண்டதையும் போடாதீங்க. அவ்வளவுதான் விசயம்” என்றேன்.

ஓரகத்திதான் கேட்டாள்: “ஏனுங்க்கா, நெட்டுலதான் போடக் கூடாதா? வெளிய போர்டு, கீர்டு வெச்சுக்கலாமுங்களா?”

“அது உன்ற இஷ்டம் கண்ணு. நெட்டுல மட்டும் வேண்டாம்.”

அதற்கு அடுத்த வரியிலேயே புத்தகத்தில் இருந்தது: சுவர், பலகை, வண்டி எதிலும் அனுமதி இல்லாமல் கம்பெனி அடையாளத்தை எழுதக் கூடாது என்று. அதை நான் படித்திருந்தேன். சொல்லவில்லை. அன்றைக்கு வேண்டுமென்று மறைக்கவில்லை, சோம்பல்தான். விதிகள் புரிந்தன என்று எல்லாரிடமும் கையெழுத்து மட்டும் மறக்காமல் வாங்கினேன்.

கொழுந்தனார் லாரி எஃப்.சி.க்குப் போனது. வருசத்துக்கு ஒரு தடவை வண்டியைத் தட்டி ஒடுக்கெடுத்து, பெயிண்ட் அடித்துக் காட்டினால்தான் ரோட்டில் ஓட விடுவார்கள். சங்ககிரியில் இதற்கென்றே பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. வண்டிக்குப் பின்னால் என்ன எழுதுவது என்பது எங்கள் பக்கத்தில் பெரிய சமாச்சாரம். குலசாமி பேர், அப்பா அம்மா பேர், பிள்ளைகள் பேர் எழுதுவார்கள். பொண்டாட்டி பேரை எழுதியவனை நான் பார்த்ததில்லை. கொழுந்தனார் எழுதினார். யாரிடமும் சொல்லாமல், பின் கதவு முழுக்க, பச்சை நிறத்தில் அவள் பேர், அதற்குக் கீழே ‘ஆலோசகர்’, கம்பெனியின் இலைச் சின்னம், பவுடர் டப்பா, அவள் போன் நம்பர். கீழே கொஞ்சம் இடம் காலியாக இருந்ததால், பெயிண்டர் தன் பங்குக்கு ‘சர்க்கரை, மூட்டுவலி குணமாகும்’ என்று இலவசமாக எழுதிக் கொடுத்தார்.

வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, திருப்பி நிறுத்தி, அவளைக் கூப்பிட்டார். அவள் கையில் மாவோடு வந்தாள். படித்தாள். மறுபடி படித்தாள். “என்ற பேருங்களா இது?” என்று கேட்டுவிட்டு அழுதுவிட்டாள். “ரோட்டுலதானே போகுது, நெட்டுல இல்லியே. அண்ணியே செரின்னு சொல்லியிருக்காங்க” என்று அவரே எனக்கும் சேர்த்துப் பதில் சொன்னார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். தம்பி, வண்டியிலும் கூடாது, அழித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை. பெயிண்ட்கூட முழுசாகக் காய்ந்திருக்கவில்லை. நான் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் வண்டியின் பின்னால் அவருடைய அம்மா பேர் இருக்கிறது, மகன் பேர் இருக்கிறது, ஹாரன் அடி என்று இருக்கிறது. இருபத்தோரு வருசமாக அந்த வண்டிக்காரருக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறேன். என் பேர் எந்த மூலையிலும் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்.

“நல்லாருக்குதுங்க தம்பி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

வண்டி வடக்கே போனது. இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இந்தியில் யார் யாரோ அவளுக்குப் போன் செய்தார்கள். அவள் எல்லாருக்கும் தமிழிலேயே ஆறுதல் சொல்லி வைத்தாள். பிறகு மகாராஷ்டிரத்தில் ஒரு டோல்கேட் வரிசையில், பின்னால் நின்ற வடநாட்டு டிரைவர் ஒருவன் சும்மா பொழுது போகாமல் அந்தப் பின் கதவை வீடியோ எடுத்தான். டப்பாவையும் நம்பரையும் காட்டி, ஓடும் ஆஸ்பத்திரி பாருங்கள் என்று சிரித்துப் பேசி நெட்டில் போட்டுவிட்டான். அது பரவியது. என் மகனே ஒரு நாள், “அம்மா, சித்தி வண்டி” என்று காட்டினான். அந்த வீடியோவை நான் கம்பெனிக்கு அனுப்பவில்லை. சத்தியமாக இல்லை. அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவர்களே பார்த்துவிட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் மெயில் வந்தது. மேலே இருப்பவள் என்ற முறையில் எனக்கும், அவளுக்கும். அவளுடைய மெயில் கணக்கை நான்தான் தொடங்கிக் கொடுத்தேன். அதைத் திறக்க அவளுக்குத் தெரியாது. மெயிலில் இருந்தது இவ்வளவுதான்: ஏழு நாளைக்குள், அதாவது அடுத்த திங்கள் மாலைக்குள், எழுத்தை அழித்துப் படம் அனுப்ப வேண்டும். அனுப்பினால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவோம். அனுப்பாவிட்டால் ஐடி ரத்து. குழு மேலே இருப்பவருக்குப் போய்ச் சேரும்.

மேலே இருப்பவள் நான்.

மெயிலை அவளிடம் புதன்கிழமைதான் சொன்னேன். “வெள்ளிக்கிழமைக்குள்ள அழிச்சுப் போட்டோ அனுப்போணுமாம் கண்ணு” என்றேன். திங்கள் என்று இருந்ததை ஏன் வெள்ளி என்றேன்? ஆண்பிள்ளைகள் கடைசி நாள் வரை இழுப்பார்கள், அவசரப்படுத்தினால்தான் வேலை ஆகும், அதனால்தான் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு எதற்காகவும் இருக்கலாம்.

கொழுந்தனார் அப்போது குஜராத்தில், ஒரு கெமிக்கல் கம்பெனிக்குள் லோடு இறக்கும் வரிசையில் இருந்தார். அங்கே கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வண்டியை வெளியே எடுக்கவும் விட மாட்டார்கள். கேட்டுக்கு வந்து சாப்பிடும் நேரத்தில் அவள் சொன்னதைக் கேட்டிருக்கிறார். “உள்ளாற வண்டி மாட்டிக்கிச்சு சாமி, எறக்குன ஒடனே பண்ணிப்போடறேன்” என்றாராம். வெள்ளி போனது. சனிக்கிழமை காலை வெளியே வந்ததும், முதல் வேலையாக ஒரு டப்பா கறுப்புப் பெயிண்டும் பிரஷும் வாங்கி, ரோட்டோரத்தில் ஓரங்கட்டி, தானே அழித்திருக்கிறார்.

படம் எனக்குத்தான் வந்தது, கம்பெனிக்கு அனுப்பச் சொல்லி. காலை பத்து மணி இருக்கும். பின் கதவு முழுக்கக் கறுப்பு. அவசரத்தில் பூசியது, திட்டுத்திட்டாக இருந்தது. சின்னம் போயிருந்தது, டப்பா போயிருந்தது, நம்பர் போயிருந்தது. அவள் பேர் மேல் மட்டும் இரண்டு மூன்று தடவை பூசியிருந்தார். பச்சை அப்படியும் லேசாகத் தெரிந்தது. கீழே அவர் கையும் பிரஷும் படத்தில் விழுந்திருந்தன. ‘அண்ணி கொஞ்சம் பேசிப் பாருங்க’ என்று எழுதியிருந்தார்.

சனி முழுக்க அந்தப் படம் என் போனில் இருந்தது. ஒரு பட்டனை அமுக்கினால் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை ஓரகத்தி என் சமையலறையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. என் வீட்டுக் கறிக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்:

“என்னுங்க்கா சொன்னாங்க?”

“பேசிட்டுத்தான் இருக்கறேன் கண்ணு. வெள்ளிக்கெழமையோட முடிஞ்சு போச்சுன்னு நிக்கறாங்க.”

“ஒரு நாளுதானுங்க்கா.”

“ஒரு நாளு ஒரு நாளுதான். கம்பெனிக்காரங்க நம்ம சொந்தக்காரங்களா?”

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்தாள், வெங்காயத்தாலோ என்னவோ. “இளம்பிள்ளைல அந்தப் புள்ளைங்ககிட்ட நான் என்னன்னு சொல்லுவேனுங்க? என்ற கையால குடுக்கற டப்பாவத்தான் வாங்குவேன்னு சொல்றவங்க இருக்கறாங்க. எனக்கு வேற என்னங்க்கா தெரியும்?” என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. அதுவும் உண்மைதான். பாவமாகவும் இருந்தது, அனுப்பக் கூடாது என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை. கறி நன்றாக வந்திருந்தது. அவளுக்கும் போட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மாலை ஆறு மணி அடித்தது. நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவள் ஐடி ரத்தானது. அவளுக்குக் கீழே இருந்த இளம்பிள்ளைப் பெண்கள் எல்லாரும் ஒரே காலையில் எனக்குக் கீழே வந்து நின்றார்கள்.

அன்று அவள் காம்பவுண்டு நடுவில் நின்று புருசனோடு போனில் பேசியது எனக்குக் கேட்டது. எங்கள் பக்கத்தில் புருசனிடம் ‘ங்க’ போடாமல் பேச மாட்டோம், சண்டையில்கூட ‘போங்க’தான். அவள் அன்று போடவில்லை. “ஒரு நாளைக்கு முன்னால ஒரு டப்பா பெயிண்டு வாங்க உனக்குத் துப்பு இல்ல. எழுதறதுக்குத் துப்பு இருந்துச்சு. அழிக்க இல்ல. என்ற பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே நீ” என்றாள். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, “பேசாத” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பேசாதே என்றால் பேசாமல்தான். அவர் ஊருக்கு வந்தார். சோறு போட்டாள், துணி துவைத்தாள், வண்டிக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள். பேச்சு மட்டும் கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமானால் மகளைக் கூப்பிட்டு, “உங்கப்பாகிட்டச் சொல்லு” என்பாள். அவர் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

என்னிடம் அவளுக்கு அளவு கடந்த நன்றி. “அக்கா எத்தனையோ பேசிப் பாத்தாங்க” என்று தெருவெல்லாம் சொன்னாள். சேலத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் எனக்கு அடுத்த படிக்கான பட்டையைப் போட்டு, தலையில் பளபளவென்று ஒரு கிரீடம் வைத்தார்கள். அந்த மாதம் நான் அப்படி ஒன்றும் விற்கவில்லை. அவளும் வந்திருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். நான் மேடையில் நின்று விதிகளைப் பற்றிப் பத்து நிமிசம் பேசினேன். ‘ஒரு நாள் தாமதம் ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் விடும் பாருங்கள்’ என்று பேர் சொல்லாமல் சொன்னேன். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதற்கும் தலையை ஆட்டினாள்.

நான் ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், மன்னிப்புக் கேட்க இல்லை. கேட்க வேண்டிய ஆள்கள் எதிர் வீட்டில்தான் இருக்கிறார்கள். பத்தடி தூரம். எழுந்து போனால் முடிந்துவிடும். நான் போகவில்லை.

அடுத்த எஃப்.சி. வந்தபோது கொழுந்தனார் ஒரு மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார். ஓரகத்தி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். என் வீட்டுக்காரர் லோடோடு போயிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை; நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை மாதத்தில் ஆள் இளைத்திருந்தார். பவுடர் குடிக்காமலே.

“பட்டறைல பின்னால என்ன எழுதறதுன்னு கேக்கறானுங்க அண்ணி. ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டனுங்க.”

“ஏனுங்க தம்பி, பொண்ணு பேர எழுதலாமல்லங்க?”

“வேண்டாமுங்க.” தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமுங்க. நான் அந்த வெள்ளிக்கெழமையே அனுப்பிச்சிருந்தா நெசமாவே உட்டிருப்பாங்களா? இல்ல, எப்படியும் ஐடி போயிருக்குமுங்களா?”

அவர் எதற்காக வந்திருக்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்தது. உண்மையைத் தேடி வரவில்லை. என் மேல் சந்தேகமும் இல்லை. எப்படியும் போயிருக்கும் தம்பி, நீங்கள் என்ன செய்திருந்தாலும் போயிருக்கும் என்று நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய், அவளிடம் காட்டி, அத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு வாய் பேச்சு வாங்க வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தார். அந்தப் பொய்யைச் சொல்வதில் எனக்கு ஒன்றும் குறைந்திருக்காது. நான் அவருக்குச் சொல்லியிருந்த பொய்களுக்கு நடுவில் அது ஒன்றுதான் புண்ணியமான பொய்யாகவும் இருந்திருக்கும்.

ஆனால், அப்படிச் சொன்னால் அவள் நாளைக்கே என்னிடம் வந்து, அப்புறம் ஏனுங்க்கா அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று சொன்னீர்கள் என்று கேட்பாள். அவள் படிக்காதவள்தான், முட்டாள் இல்லை. மகள் இப்போது திருச்செங்கோட்டில் காலேஜ் படிக்கிறாள். மெயிலைத் திறந்து பார் என்று அவளிடம் சொல்ல எத்தனை நேரமாகும்?

“உட்டிருப்பாங்க தம்பி” என்றேன். “வெள்ளிக்கெழமை அனுப்பியிருந்தா, கண்டிப்பா உட்டிருப்பாங்க.”

அவர் தலையை ஆட்டினார். கோபம் வந்திருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப தப்பு என்ற மேலதானுங்க” என்றார்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. “காப்பி குடிக்கறீங்களா தம்பி?” என்று கேட்டேன். வேண்டாம் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினார். எதிர் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. சாவி அவரிடம் இல்லை போலிருக்கிறது. அவள் வரும்வரை வெளியிலேயே வாசற்படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.